ஃபைல் திறக்கவில்லை, டிக்கெட் மட்டும் மூடப்பட்டது: உங்கள் எடிட்டர் மீது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: அப்டேட்டுக்குப் பின் சோர்ஸ் கோடு ஃபைல்களின் அசோசியேஷன் (எந்த ஃபைல் எந்த மென்பொருளில் திறக்கும் என்ற இணைப்பு) கெட்டுப்போனது; தீராத டிக்கெட் 'தீர்ந்தது' என மூடப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சேட், மின்னஞ்சல், தொலைபேசி என்று உங்கள் எல்லா வாசலையும் தட்டி ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

கோடு எழுதும் உங்கள் எடிட்டர் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் பதிப்பு எண் போட்ட புது ஃபோல்டருக்குக் குடிபோகிறது, பழைய ஃபோல்டரை அழித்துவிடுகிறது. ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தந்த யூசருக்கான பகுதியான ஹெச்கேசியூவுக்குள் (HKCU) சாஃப்ட்வேர், கிளாஸஸ், அப்ளிகேஷன்ஸ் என்று போய், உங்கள் இஎக்ஸ்இ (எடிட்டரை ஓட்டும் ஃபைல்) பெயரிலுள்ள கீயில் (ரெஜிஸ்ட்ரிக்குள் ஒரு ஃபோல்டர் மாதிரி) ஷெல், ஓப்பன், கமாண்ட் வரை இறங்கிப் பாருங்கள். அங்கே இன்னும் அழிந்துபோன ஃபோல்டரின் முகவரிதான் இருக்கிறது. டாட் சிபிபி (சி++ கோடு) ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் நம்மையே கேட்கிறது. சரி என்று பிரவுஸ் செய்து புது இஎக்ஸ்இயைக் காட்டினால் அது பட்டியலில் ஏறுவதே இல்லை. எரரும் வராது. பெட்டி மூடும், பழைய பட்டியல் அப்படியே நிற்கும். அதே பெயரில் ஒரு இஎக்ஸ்இ ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் விண்டோஸ் அந்தப் பழைய வரியையே நம்புகிறது. இது உங்கள் இன்ஸ்டாலர் எழுதிய வரி. அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை.

இதற்கு முதலில் வந்த பதில் 'ரீஇன்ஸ்டால் செய்யவும்'. அனுப்பிய இன்ஸ்டாலரோ எல்லா யூசர்களுக்குமானது; அது கணினி முழுமைக்குமான பகுதியான ஹெச்கேஎல்எம்மில் (HKLM) எழுதும். ஒரே கீ இரண்டு இடத்திலும் இருந்தால் ஹெச்கேசியூதான் ஜெயிக்கும். எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் பழைய வரி பழைய வரிதான். அடுத்த யோசனை, அட்மின் அக்கவுண்ட்டில் நுழைந்து யூசருக்கான இன்ஸ்டாலரை ஓட்டச் சொன்னது. அப்போது அந்த அட்மினின் ஹெச்கேசியூ சரியாகும். தினமும் வேலை செய்கிற அக்கவுண்ட்டில் ஒன்றும் மாறாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தொலைபேசியில் வந்த உங்கள் 'சீனியர் டெக்னீஷியன்' பேசிய பேச்சைப் பொறுக்க முடியவில்லை. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லைத் திறந்து, ஃபைல் அசோசியேஷனை மாற்றும் அசோக் (assoc) என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சிவப்பில் வந்தது. "ஸ்பெல்லிங்கைப் பார்த்து அடிங்க சார், இதுகூட வரலைன்னா எதுக்கு கோடிங் பண்றீங்க?" என்றார். அசோக்கும் அதன் ஜோடியான எஃப்டைப்பும் (ftype) பழைய கட்டளைத் திரையான சிஎம்டிக்குள் (cmd) இருக்கும் கட்டளைகள். பவர்ஷெல்லில் வேண்டுமானால் முன்னால் 'சிஎம்டி /சி' போட வேண்டும். அப்படியே போட்டாலும் அவை எழுதுவது ஹெச்கேஎல்எம்மில். விண்டோஸ் 8 முதல் யூசர் தேர்ந்தெடுத்தது யூசர்சாய்ஸ் என்ற கீயில் ஹேஷோடு (வேறு யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) இருக்கிறது, அதுதான் முதலில் செல்லுபடியாகும். இது தெரியாதவர் சீனியர் என்றால் ஜூனியர்கள் எப்படியோ!

தயவுசெய்து அந்த அழைப்பின் பதிவை ஒருமுறை கேளுங்கள். அதே மனிதர்தான் பிறகு ரெஜிஸ்ட்ரியை மாற்றும் ஒரு ரெஜ் ஃபைலும் அனுப்பினார். யூசர்சாய்ஸுக்குள் ப்ரோக்ஐடியை (எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்ற அடையாளப் பெயர்) நேரடியாக எழுதுகிற ஃபைல். ஹேஷ் பொருந்தாவிட்டால் விண்டோஸ் அதை ஏற்காது, டிஃபால்ட்டை ரீசெட் செய்துவிடும், செய்தது. டாட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ஃபைல்கள், ஸ்கிரிப்ட்டை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டுக்குப் போய்விட்டன. இதன் அர்த்தம் புரிகிறதா? டபுள் கிளிக் செய்தால் ஃபைல் திறக்காது, ஓடும்! பிரவுசருக்காக எழுதிய கோடு என்பதால் 'டாக்குமென்ட்' வரையறுக்கப்படவில்லை, 800ஏ1391 என்று எரரோடு நின்றது. நம்பத்தகாத யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டாக இருந்திருந்தால்?

இன்னொன்று. உங்கள் கமாண்ட் வரியில், திறக்கும் ஃபைலின் பாதை வந்து உட்காரும் %1 மேற்கோள் குறி இல்லாமல் நிற்கிறது. ஃபோல்டர் பெயரில் ஒரு இடைவெளி இருந்தால் போதும், பாதை அங்கேயே வெட்டுப்பட்டு, இல்லாத இரண்டு ஃபைல்களுக்காக இரண்டு காலி டேப் திறக்கிறது. இரட்டை மேற்கோளுக்குள் "%1" என்று போட்டால் தீர்ந்தது. ஒரு ஜோடி மேற்கோள் குறிக்கு எத்தனை ரிலீஸ் காத்திருப்பது?

சரிசெய்யும் வழி எனக்குத் தெரியும்: ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த கமாண்ட் மதிப்பில் புதுப் பாதையைப் போட்டு, செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் எக்ஸ்டென்ஷனைத் தேடி எடிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த அப்டேட்டில் மறுபடி கெடும் என்பதுதான் பிரச்சினை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரையே பூட்டி வைத்திருக்கும் அலுவலகக் கணினிகளில் அந்த வழியும் இல்லை. இதனால் எங்கள் குழுவின் வேலை மொத்தமும் படுத்துவிட்டது. ஆயுள் முழுக்க இலவசச் சந்தா கொடுத்தாலும் நீங்கள் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் இது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: பதிப்பு எண் இல்லாத நிலையான பாதையைப் பதிவு செய்யுங்கள். அப்டேட்டர் ஹெச்கேசியூ, ஹெச்கேஎல்எம் இரண்டிலும் பழைய வரியைத் திருத்தட்டும். திருத்திய பிறகு எஸ்ஹெச்சேஞ்ச்நோட்டிஃபை என்ற விண்டோஸ் அழைப்பின் மூலம் எக்ஸ்ப்ளோரருக்குச் சொல்லட்டும். அந்த டெக்னீஷியன் எழுத்தில் மன்னிப்புக் கேட்கட்டும்.

ரெஜிஸ்ட்ரி எக்ஸ்போர்ட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் நீங்கள் மூடிய டிக்கெட்டிலேயே இருக்கின்றன. அதைத் திறந்து, விஷயம் தெரிந்த இன்ஜினியர் ஒருவரிடம் கொடுங்கள். இந்த வார இறுதிக்குள் பதில் வராவிட்டால், அல்லது வரும் பதிலில் 'ரீஇன்ஸ்டால்' என்ற சொல் இருந்தால், கார்டு நிறுவனத்திடம் சந்தாப் பணத்தைத் திரும்பக் கோருவேன். நுகர்வோர் அமைப்புக்கும் இதே கடிதம் இணைப்புகளோடு போகும்.

இப்படிக்கு,
உங்கள் கட்டணச் சந்தாதாரர்