மலைக்குடிலை ஓட்டல் என்று விற்காதீர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஐரோப்பியச் சுற்றுலா நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். 'ஆல்ப்ஸ் உச்சியில் ஓர் இரவு' என்ற வரியை உங்கள் நோட்டீஸ்களில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அதை நம்பித்தான் எங்கள் அக்காவும் மாமாவும் பிரான்சுக்குப் போனார்கள். தனி அறை, வெந்நீர், வைஃபை எல்லாம் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். தங்கவைத்ததோ மலைக்குடிலில், அதாவது மலை ஏறுகிறவர்கள் இரவு தங்கும் எளிய விடுதியில். யார் என்பதை இங்கே இழுக்க விரும்பவில்லை. அடுத்துப் போகிறவர்களிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மலைக்குடில்களுக்குச் சாலை கிடையாது. மணிக்கணக்கில் ஏறி நடந்துதான் போக வேண்டும். பல இடங்களுக்கு உணவுப் பொருளும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில் வருகின்றன. அப்படியிருக்க, தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்து முகம் சுளித்து என்ன பயன்? குளிக்கும் வசதி பல குடில்களில் இல்லை. கார்டு செல்லாத இடங்களும் உண்டு, கையில் யூரோ நோட்டு இருக்க வேண்டும். படுக்கை பெரும்பாலும் பொதுக்கூடத்தில்தான். மெத்தைகள் வரிசையாகக் கிடக்கும், ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில். நம் ஊர்க் குடும்பங்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது அநியாயம். கம்பளி கொடுப்பார்கள், அதற்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும் துணி உறையை (ஸ்லீப்பிங் லைனர்) நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஷூவை வாசலில் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்!

இரவுச் சாப்பாடு மாலை ஆறரை, ஏழு மணிக்கே, எல்லாருக்கும் ஒரே சமையல். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சிகரம் ஏறுகிறவர்கள் நள்ளிரவு தாண்டியதுமே எழுந்து கிளம்புவார்கள், அந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு நிஜமான கவலை உயரம்தான். ஆல்ப்ஸின் மோன் பிளான் சிகரத்துக்கு ஏறும் வழியிலுள்ள கூத்தே குடில் 3,835 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலே போனாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். தினமும் கடற்கரைச் சாலையில் வேகநடை போகிறவருக்கும் வரும், உடல்வலு அதைத் தடுக்காது. செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் ஏறிப் பழகச் சொல்லுங்கள், கால் பலப்படும். ஆனால் உயரத்துக்கு உடம்பு பழக நாள் எடுத்துப் படிப்படியாக ஏறுவதுதான் வழி. அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக்கூடாது, கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. நான்கு நாட்களில் நான்கு நாடு காட்டும் பயணத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?

அப்புறம், பெயரைப் பதிவு செய்துவைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சொல்லாமல் விடும் பழக்கம். கூத்தே குடிலில் 120 பேர்தான் தங்க முடியும். 2019 முதல் அந்த வழியில் இரவு தங்கிச் சிகரம் ஏறுகிறவர்கள் வழியிலுள்ள குடில் ஒன்றில் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். வருவதாகச் சொன்னவர்கள் இருட்டியும் வரவில்லை என்றால் குடில் பொறுப்பாளர் விபத்தோ என்று பதறுவார், மீட்புப் படைக்குச் சொல்லவும் நேரலாம். ரத்து செய்ய ஒரு போன் போதும். ஆபத்துக்கு அழைக்கும் எண் 112 என்பதையும் பயணிகளிடம் எழுதிக் கொடுங்கள்.

பனிமலையைப் பார்த்தால் போதும் என்கிறவர்களைக் குடிலுக்கு இழுக்க வேண்டியதே இல்லை. மோன் பிளான் அடிவாரத்து ஷமோனி ஊரிலிருந்து எகுய் து மிதி என்ற சிகரத்துக்கு ரோப்கார் போகிறது, அதன் உயரம் 3,842 மீட்டர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி, சுமார் 1,000 மீட்டரில் இருக்கும் ஊரிலேயே நல்ல அறையில் தூங்கலாம். அங்கும் மேலே நிற்கும்போது மூச்சு வாங்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

முன்பணம் வாங்குவதற்கு முன்பே இந்த விவரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். தமிழில் எழுதித் தர ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி