மகளுக்கு: கீழே இறங்கி ஆடிய பிர்லோ

அன்புள்ள மகளுக்கு,

முன்களத்திலிருந்து உன்னை இறக்கி, தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் பயிற்சியாளர் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். கோல் அடிக்கிறவளைக் காவலுக்கு வைத்துவிட்டாரே என்ற கோபம் புரிகிறது. ஆறுதல் சொல்லப் போவதில்லை. இத்தாலியக் கால்பந்து வீரர் பிர்லோவைப் பற்றிச் சொல்கிறேன். (எந்தப் பேச்சை எடுத்தாலும் நான் இத்தாலிக்கே போய்விடுகிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.)

ஆந்திரேயா பிர்லோவும் தாக்குதல் ஆட்டக்காரராக வளர்ந்தவர்தான். முன்கள வீரருக்குப் பின்னால், பத்தாம் எண்காரரின் இடம். பிரெசியா கிளப்பில் தொடங்கி இன்டர் மிலான் கிளப்புக்குப் போனார். அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. 2001 ஜனவரியில் கடனாக, அதாவது தற்காலிகமாக, பிரெசியாவுக்கே திரும்பியபோது அவருடைய இடத்தில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் ராபர்டோ பாஜியோ நின்றிருந்தார். பாஜியோவை யார் நகர்த்துவது! பயிற்சியாளர் கார்லோ மாத்ஸோனே, 21 வயது பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த ஏப்ரலில் டூரினில் யுவென்டஸுடன் ஆட்டம். பின்னாலிருந்து பிர்லோ தூக்கிப்போட்ட பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்தது. பாஜியோ ஓடிக்கொண்டே ஒரே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரை ஏமாற்றிப் பந்தை வலைக்குள் தள்ளினார். மேலே நின்றிருந்தால் பிர்லோவிடமிருந்து அந்தப் பாஸ் வந்திருக்காது. அங்கே முதுகோடு ஒருவர் ஒட்டிக்கொண்டே இருப்பார்; கோலுக்கு முதுகு காட்டித்தான் பந்தை வாங்க வேண்டும். கீழே இறங்கினால் மைதானம் முழுவதும் கண்ணெதிரே. வேகம் குறைந்த பிர்லோவுக்கு யோசிக்க ஒரு நொடி கூடுதலாகக் கிடைத்தது.

பிறகு ஏ.சி. மிலான் கிளப்பில் பயிற்சியாளர் அன்செலோட்டி அந்த இடத்தையே அவருக்கு நிரந்தரமாக்கினார். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக், 2006 உலகக் கோப்பை என்று அவர் வென்றதையெல்லாம் நீயே தேடிப் படித்துக்கொள். எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே அவர் பக்கத்தில் நடுக்கள வீரர் கட்டூஸோ இருந்தார் என்பதுதான். மோதிப் பந்தைப் பறிப்பார். பறித்ததைப் பிர்லோவிடம் தந்துவிடுவார். அவர் இல்லாமல் பிர்லோவை மட்டும் நிறுத்தியிருந்தால் எதிரணி நடுவில் புகுந்து போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஏன் இறக்கினீர்கள் என்று சண்டைக்குப் போகாமல், பக்கத்தில் எனக்குத் துணை யார் என்று பயிற்சியாளரிடம் கேள். அவரிடம் பதில் இல்லையென்றால் உன் கோபம் நியாயம்தான். நானும் உன் பக்கம்.

பூட்ஸுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். பிர்லோவுக்கு வேகம் குறைவு என்று எழுதியதைச் சாக்காக வைத்துக் காலை ஓட்டத்தை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அப்பா