புனோம் பென்னைத் தவிர்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த கம்போடியப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அங்கோர் வாட்டின் குளக்கரையில் இருட்டிலேயே இடம் பிடித்து விடியலுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் பகுதி, 2019 டிசம்பரில் நானும் என் மனைவியும் அதே இடத்தில் நின்றதை நினைவுபடுத்தியது. ஆனால், தலைநகரான புனோம் பென்னில் பார்க்கத்தக்கது அதிகமில்லை என்றும், நேராக, அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப்புக்கு விமானம் ஏறிவிட்டால் இரண்டு நாள் மிச்சமாகும் என்றும் கட்டுரையாளர் கூறும் யோசனையோடு என்னால் உடன்பட முடியவில்லை. கெமர் மக்கள், அதாவது கம்போடியர்கள், எழுப்பிய பழங்கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே அந்நகரத்துத் தேசிய அருங்காட்சியகம்தான் என்பது என் கருத்து.

காரணம் எளியது. அங்கோர் வட்டாரத்துக் கோயில்களுக்குள் நுழையும் நம்மவர்கள், கருவறையில் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவதை நானே கண்டேன். ஆவுடையார் இருக்கும், லிங்கம் இருக்காது. பீடம் இருக்கும், மேலே தெய்வம் இருக்காது. தப்பிய திருமேனிகளில் சிறந்தவை பல, ஜார்ஜ் கிரோலியே என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் 1920-இல் திறக்கப்பட்ட, கெமர் பாணிக் கூரையுடன் செந்நிறத்தில் நிற்கும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நடுமுற்றத்தில் நான்கு சிறு குளங்கள். சுற்றிலும் காற்றோட்டமான கூடங்கள். புனோம் தாவிலிருந்து வந்த எட்டுக் கரத் திருமாலின் முன் நின்றுவிட்டுப் பிறகு கோயிலுக்குப் போனால், வெற்றுப் பீடம் வெறும் கல்லாகத் தெரியாது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை கோ கேரிலிருந்து வந்த சிலைகள். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நான்காம் ஜெயவர்மன் தலைநகராக்கிய ஊர் அது. அங்குள்ள பிரசாத் சென் என்ற கோயிலில், பீமனும் துரியோதனனும் கதாயுத்தத்தில் இறங்கும் கணமும், சுற்றிலும் அமர்ந்து அதைப் பார்ப்பவர்களும் ஆளுயரச் சிலைகளாக நிறுத்தப்பட்டிருந்தனர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருடர்கள் அவற்றைக் கணுக்காலோடு வெட்டிக் கடத்தினார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தோடு மண்ணில் தங்கிவிட்டன. 2011-இல் துரியோதனன் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அந்தப் பாதங்களே சாட்சியாயின. வழக்கு நடந்து, 2014-இல் துரியோதனனும் பீமனும் பலராமனும் நாடு திரும்பினார்கள். கூடத்தில் நின்றபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை; கணுக்காலில் ஓடும் அந்த வெட்டுக் கோட்டைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கோரின் மேற்கு ஏரி நடுவிலுள்ள மேற்கு மேபோன் தீவுக் கோயிலில் 1936-இல் கிடைத்த, பள்ளிகொண்ட திருமாலின் வெண்கலத் திருமேனியும் இந்த அருங்காட்சியகத்துக்கு உரியதே. தலையும் தோள்களும் வலக் கரங்கள் இரண்டும்தான் எஞ்சியிருக்கின்றன. முழுமையாக இருந்தபோது ஐந்து மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் என்கிறார்கள். 2024-இல் அது செப்பனிடுவதற்காகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எனவே அதற்காகவே போகிறவர்கள், திரும்பி வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே அரண்மனை வளாகம். அதிலுள்ள வெள்ளிக் கோயிலின் தளத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தாலும், பெரும்பகுதியைக் கம்பளம் மூடியிருப்பதால் ஓரங்களில் தெரிவதோடு திருப்திப்பட வேண்டியதுதான். அதைவிட, வெளித் திருச்சுற்றின் சுவர் நெடுகத் தீட்டியிருக்கும் ராமகேர்த்தி, அதாவது கெமர் ராமாயணம், நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது. ஈரத்தால் கீழ்ப்பாதி பல இடங்களில் உதிர்ந்து, படைகள் இடுப்புக்கு மேலே மட்டும் போரிடுகின்றன.

இனி, கட்டுரையில் உள்ள இரண்டு பிழைகள். அங்கோர் வாட்டை இரண்டாம் சூரியவர்மனின் "அரண்மனை" என்று படக்குறிப்பு சொல்கிறது. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவன் திருமாலுக்கு எடுத்த கோயில். கெமர் மன்னர்கள் தெய்வங்களுக்குத்தான் கல்லில் கட்டினார்கள். தாங்கள் வாழ்ந்த மாளிகைகளை மரத்தால் அமைத்தார்கள். 1296-இல் அங்கே வந்த சீனத் தூதுக் குழுவைச் சேர்ந்த சௌ தாகுவான், அந்த மாளிகைகளைக் கண்டு குறித்து வைத்திருக்கிறார். இன்று பழைய தலைநகரான அங்கோர் தோமில் அரண்மனை எங்கே என்று தேடினால், மதிலுக்குள் பிமியனகாஸ் கோயிலும் குளங்களும் மரநிழலுமே இருக்கின்றன.

மற்றொன்று, "தமிழ் மன்னன் எழுப்பிய அதிசயம்" என்ற தொடர். வாட்ஸ்அப்பில் உலவுவதைப் பொறுப்புள்ள இதழ் அச்சிலேற்றலாமா? வர்மன் என்று பெயர் முடிவதால் ஒருவர் பல்லவராகிவிட மாட்டார். அங்கோர் வாட் எழுந்தபோது பல்லவர் ஆட்சி முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உண்மை. ஆனால் கட்டியவர்கள் கெமர் மக்கள், அந்தப் பெருமை அவர்களுடையது.

நமக்கு உண்மையான உறவு ஒன்று அங்கே இருக்கிறது, கட்டுரையாளர் அதன் முன்னால் நின்றுவிட்டே வந்திருக்கிறார். 967-இல் குடமுழுக்குக் கண்ட பன்தியாய் ஸ்ரே கோயிலின் கிழக்கு வாயில் முகப்பொன்றில் சிவபெருமான் ஆடுகிறார். அவர் காலடியில், எலும்பு தெரிய மெலிந்து, வற்றித் தொங்கும் மார்போடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் அம்மையாரைக் கண்டு வளர்ந்த எனக்கு, அந்தச் செந்நிறக் கல்லில் அவரை அடையாளம் காண வழிகாட்டி தேவைப்படவில்லை. இந்தக் கோயிலிலிருந்துதான், பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரான ஆந்திரே மால்ரோ 1923-இல் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்று, புனோம் பென்னில் பிடிபட்டார். இப்போது அங்கே அமர்ந்திருக்கும் காவல் உருவங்கள் நகல்களே. மூலங்களைக் காண மீண்டும் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். பன்தியாய் ஸ்ரேயும் அதில் அடக்கம்.

தங்கள் இதழில் வந்த பன்தியாய் ஸ்ரே படத்தில், பக்க அளவுக்காகவோ என்னவோ, முகப்பின் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டு அம்மையார் விடுபட்டுப் போயிருக்கிறார். முழுப் படம் கைவசம் இருந்தால், அடுத்த இதழில் படக்குறிப்புத் திருத்தத்தோடு அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்கால்.