சாய்ஸ் லாக் பண்ணுமுன் ஒரு தடவை நேரில் போய்ப் பார்

அன்புள்ள மலருக்கு,

நலமா? மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டானா? இதையெல்லாம் நீ ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்க மேற்படிப்பு சீட்டுக்கான கவுன்சலிங் பற்றியே எழுதியிருக்கிறாய். சரி, நானும் அதற்கே வருகிறேன்.

முதலில் அந்த நீட் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) ரேங்கிற்கு என் வாழ்த்து. ஓ.பி. பார்த்து, தடுப்பூசி நாள், முகாம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு உட்கார்ந்து படித்து வாங்கிய ரேங்க் அது. நான் 2023-இல் எழுதியபோது 200 கேள்விகளுக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம். முன்னும் பின்னும் போய் வரலாம். உனக்கோ பகுதிக்கு 40 கேள்வி, 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்ப வழியே இல்லை. அதில் தாக்குப்பிடித்தவளுக்கு சர்ஜரியில் நிதானம் வருமா என்ற சந்தேகம் வேண்டாம்.

வீட்டில் ஸ்கின், ரேடியாலஜி என்று சொல்கிறார்கள், சர்ஜரி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எடு. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நாம் சி.ஆர்.ஆர்.ஐ. (எம்.பி.பி.எஸ். கடைசிப் பயிற்சி வருடம்) பார்த்தபோது, டியூட்டி முடிந்த பிறகும் தையல் போட ஏதாவது கேஸ் வருமா என்று கேஷுவாலிட்டியில் நின்றவள் நீ. பெண்ணுக்கு இது சரிப்படாது என்று உன் சித்தப்பா சொன்னாராமே, அவரிடம் இதைச் சொல். மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு, ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, புண்ணான பிறகு வருகிற பெண்களை எங்கள் ஓ.பி.யில் பார்க்கிறேன். திரையை இழுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிலர் வாயே திறக்கிறார்கள். உன்னைப் போன்றவர்கள் இந்தத் துறைக்கு வந்தே ஆக வேண்டும்.

ஆனால் நீ அனுப்பிய கல்லூரிச் சாய்ஸ் பட்டியலைப் பார்த்துதான் கவலை வந்தது. சென்னை, அப்புறம் மதுரை, அப்புறம் கோவை என்று ஊர் வரிசையில் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் போன வருடம் எந்த ரேங்கில் மூடியது என்று குறித்திருக்கிறாய். அதெல்லாம் சீட் கிடைக்குமா என்பதற்கான கணக்கு. அங்கே போனால் சர்ஜனாக வெளியே வருவாயா என்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வயிற்றைத் திறக்கும்போது உன் எதிரே யார் நிற்பார்? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

என் முதல் பர்ஃபொரேஷன் (குடலில் ஓட்டை) கேஸைச் சொல்கிறேன். அட்மிஷன் டே, அதாவது புதிதாக வரும் கேஸ் எல்லாம் எங்கள் யூனிட்டுக்கே வரும் நாள். லோடு இறக்குகிற ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டால் பலகை மாதிரி இருந்தது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெளிவாகத் தெரிந்தது. டியோடினத்தில் (இரைப்பையை அடுத்த சிறுகுடலின் தொடக்கம்) ஓட்டை என்று படம் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சலைன், ஆன்டிபயாட்டிக், ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) எல்லாம் போட்டு தியேட்டருக்கு ஏற்றினோம். அசிஸ்டென்ட் புரொபசர் கை கழுவிவிட்டு வந்தார். நோயாளியின் வலப்பக்கம், ஆபரேஷன் செய்பவர் இடத்தில், எப்போதும் அவர் நிற்பார், நான் உதவிக்கு இடப்பக்கம். அன்று அவரே இடப்பக்கம் போய் நின்றுகொண்டு, "நீ அந்தப் பக்கம் வாம்மா" என்றார்.

திறந்ததும் பித்தம் கலந்த நீர் வந்தது. உறிஞ்சி எடுத்து, ஈரலைத் தூக்கிப் பிடித்துத் தேடினால், டியோடினத்தின் முதல் பகுதியில் முன்பக்கம் சின்னதாக ஒரு ஓட்டை. ஓரங்களில் மூன்று தையல் எடுத்து முடிச்சுப் போடாமல் விட்டு, ஓமெண்டத்திலிருந்து (குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரை) ஒரு துண்டை இழுத்து வந்து ஓட்டையின் மேல் வைத்து, அதன் மேல் முடிச்சுகளை இறக்க வேண்டும். புத்தகத்தில் நூறு தடவை படித்ததுதான். முதல் முடிச்சை நான் இறுக்கப் போனபோது அவர் தன் விரலை நூலுக்கு அடியில் கொடுத்து நிறுத்தினார். "உட்கார்ந்தால் போதும். இறுக்கினால் ஓமெண்டத்துக்கு ரத்தம் போகாது, செத்துவிடும்." அவ்வளவுதான் சொன்னார். அந்த விரலின் அழுத்தம் எவ்வளவு என்று என் கைக்கு இன்றும் தெரியும். அப்புறம் வெதுவெதுப்பான சலைனில் வயிறு முழுக்கக் கழுவினோம். நீர் வடிய ஒரு டிரெயின் குழாய் வைத்து மூடினோம். அந்த மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்று அவர் கத்தியை வாங்கித் தானே செய்திருந்தால் கேஸ் சீக்கிரம் முடிந்திருக்கும். வராமலே போனில் சொல்லியிருந்தால் நான் எப்படியோ செய்திருப்பேன், ஆனால் இறுக்கிக் கட்டியிருப்பேன். சர்ஜரி பயிற்சி என்று நான் நினைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் இந்த ரெசிடென்சி முறையைத் தொடங்கியபோது அவர் நினைத்ததும் இதுதான்: பொறுப்பைப் படிப்படியாகக் கொடுப்பது, கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது.

எல்லா இடத்திலும் இது நடக்கிறது என்று நினைக்காதே. நம் செட்டில் ஒருத்திக்குப் பெயர் பெற்ற இடத்தில் சீட் கிடைத்தது. எல்லாரும் பொறாமைப்பட்டோம். அங்கே எம்.சி.எச். (சர்ஜரிக்கு மேல் சிறப்புப் படிப்பு) படிப்பவர்கள் அதிகம், பெரிய கேஸ் எல்லாம் அவர்களுக்கே போய்விடுகிறது. இரண்டாம் வருடம் முடிந்தும் அவள் கையில் வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர்தான். இன்னொரு நண்பன் சின்ன ஊரில் சேர்ந்தான். கேஸுக்குக் குறைவே இல்லை. ஆனால் ராத்திரி போன் போட்டால் பெரியவர்கள் எடுப்பதில்லை. முதல் வருடத்திலேயே அவன் தனியாகக் குடலை வெட்டி இணைத்தான். அதைக் கேட்டு மற்றவர்கள் வியந்தார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நோயாளிக்கு யார் பொறுப்பு? அவனுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் இல்லையே.

ஆகவே சாய்ஸ் லாக் பண்ணுமுன், அதாவது பட்டியலை இறுதியாக உறுதிசெய்யுமுன், லீவு போட்டாவது நான்கைந்து இடங்களுக்கு நேரில் போ. சீஃபைப் பார்க்காதே; அவர் நல்லதாகத்தான் சொல்வார். இரண்டாம் வருட பி.ஜி. ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசு. வாரத்தில் எத்தனை அட்மிஷன் டே, ராத்திரி யார் வந்து நிற்கிறார், ஹெர்னியாவை எந்த வருடம் கையில் கொடுக்கிறார்கள், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) கேமரா பிடிப்பதைத் தாண்டி ஏதாவது கிடைக்கிறதா என்று கேள். செய்த கேஸ்களைப் பதியும் லாக் புக்கைக் காட்டச் சொல். அதில் "உதவி" என்று எத்தனை, "மேற்பார்வையில் செய்தது" என்று எத்தனை என்று பார். முடிந்தால் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் வார்டு வாசலில் சற்று நில். ஜூனியரை நோயாளிகள் முன்னால் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அங்கேயே கேட்டுவிடும்.

தூக்கம் பற்றியும் கேள். 1992-லேயே மத்திய அரசு தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணை போட்டிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடத்துக்கு 20 நாள் விடுப்பு என்றெல்லாம் இருக்கிறது. நடைமுறையில் அட்மிஷன் டே காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம்தான் இறங்குகிறோம். இதைப் பெருமையாகச் சொல்லும் சீனியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண் சொக்கும்போது தைத்த தையலுக்கு நோயாளி ஏன் விலை கொடுக்க வேண்டும்? உனக்குக் குழந்தை வேறு இருக்கிறது. ஷிஃப்ட் போட்டு மறுநாள் மதியமாவது அனுப்பிவிடுகிற யூனிட்டுகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

கோட்டா விஷயம் உனக்கே நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரலாம் என்று சொன்னதால்தான் உன் மலைப்பகுதி சர்வீஸுக்கு இன்று இவ்வளவு மதிப்பு. மத்திய கவுன்சலிங், மாநிலக் கவுன்சலிங் இரண்டிலும் பதிந்துவை. ஒன்றில் சேர்ந்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவ எந்தச் சுற்று வரை அனுமதி என்பதை மட்டும் அந்தந்த அறிவிப்பில் நீயே படி, வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதே.

சேரும் வரை சும்மா இருக்காதே. கட்டில் காலில் பட்டு நூலைக் கட்டி, இடது கையால் முடிச்சுப் போட்டுப் பழகு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு துளை போட்டு, மேலே போனை கேமராவாக வைத்து, உள்ளே பாசிமணியை எடுத்து வைத்துப் பழகினால் லேப்ராஸ்கோப்பி தியேட்டரில் கை தடுமாறாது. என் பழைய இன்ஸ்ட்ருமென்ட் இரண்டு இருக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன்.

முதல் வருடம் பெரும்பாலும் சர்க்கரைப் புண் வார்டுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் அழுகிய தசையை வெட்டிக் கட்டுப் போட வேண்டும். "கால் தேறுமா டாக்டரம்மா" என்று கேட்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே கற்றுக்கொண்டது எனக்குத் தியேட்டரில் கிடைத்ததைவிடக் குறைவில்லை. என் தீசிஸும் சர்க்கரைப் புண் பற்றியதுதான், இப்போது கடைசி அத்தியாயத்தில் நிற்கிறேன்.

பி.ஜி.க்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டிய மாவட்ட ரெசிடென்சி மூன்று மாதத்தை ஒரு தலைமை மருத்துவமனையில் முடித்தேன். ஒரே ஒரு சர்ஜன், நீண்ட வரிசை, இருந்தும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதைப் பார்த்தபிறகு எம்.சி.எச். என்று ஓடாமல் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் ஜெனரல் சர்ஜனாக இருக்க ஆசை வந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

செவ்வாய் எங்களுக்கு அட்மிஷன் டே, புதன் முழுக்க அதிலேயே போய்விடும். வியாழன் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் போடு. பட்டியலைத் திருத்திக் கையில் வைத்துக்கொள், ஒவ்வொரு இடமாகப் பேசுவோம். என் ஆஸ்பத்திரியையும் அதில் சேர்த்திருக்கிறாய் என்றால், ஏட்டி, எங்கள் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் ஜெபா