டெக்னோவைத் தடை செய்ய வேண்டாம், பேஸுக்குக் கடிவாளம் போடுங்கள்

மலேசியா, சுங்கை சிப்புட் தீபாவளி கலை இரவுச் செயலவைத் தலைவர் ஐயா அவர்களுக்கும் செயலவையினருக்கும், இந்த வட்டாரத்தில் ஒலி அமைப்பும் டிஜே வேலையும் செய்துவரும் நாங்கள் எழுதும் மடல். வணக்கம்.

இவ்வாண்டு மேடையில் டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை எதுவும் ஒலிக்கக் கூடாது, பழைய பாடல்களும் உறுமி மேளமும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. அது நம் இசை இல்லை. ஒரே தட்டு, பாட்டே கிடையாது. பின்னால் இருக்கும் லயத்து வீடுகளில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், ஜன்னல் அதிர்கிறது. மூன்றாவது காரணம் நூற்றுக்கு நூறு உண்மை, அதைத் தீர்க்கும் கடமையும் எங்களுடையது. முதல் இரண்டையும் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள்.

நம் இசை இல்லை என்பதை முதலில் பார்ப்போம். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. தனியாகப் பயிற்சி செய்யும் கித்தார்க்காரருக்குத் துணையாக அது பேஸ், அதாவது அடித்தொனி, வாசிக்க வேண்டும் என்பது எண்ணம். ஆனால் அதன் ஓசைக்கும் பேஸ் கித்தாருக்கும் சம்பந்தமே இல்லை. சரியாக விற்காமல் 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்கு இறங்கிய அந்தப் பெட்டிகளைச் சிக்காகோவின் கறுப்பின இளைஞர்கள் வாங்கி, தாளம் ஓட ஓடக் குமிழ்களைத் திருகினார்கள். அப்போது எழுந்த முனகலும் கீச்சலும்தான் 1987இல் ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ ஆக வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்குப் பெயர் கிடைத்ததே அதனால்தான்.

அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், இந்தித் திரையிசையில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் மும்பையில் அதே 303ஐயும் டிஆர்-808 தாளப் பெட்டியையும் ஜுபிட்டர்-8 கீபோர்டையும் ஒன்றாகப் பூட்டி, 10 ராகங்களை டிஸ்கோ தட்டில் பதிவு செய்தார். பூபாலி, மால்கௌன்ஸ், யமன் எல்லாம் அதில் உண்டு. நம் பக்கத்துப் பெயரில் சொன்னால் மோகனம், இந்தோளம், கல்யாணி. அன்று அந்த இசைத்தட்டை யாரும் சீண்டவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது. சிக்காகோக்காரர்கள் இவரைப் பார்த்துச் செய்யவில்லை. அதே கருவியில் அதே ஓசையை இரண்டு ஊர்கள் தனித்தனியாகக் கண்டெடுத்தன. பெரியவர்களுக்கு இந்த இசையை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் எங்களுக்குத் தெரியவில்லை.

303இல் ஸ்லைடு என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். உறுமிக்காரர் வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது ‘ம்ம்ஊம்’ என்று ஏறி இறங்குகிறதே, அதை இதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். காதுக்கு இரண்டும் பங்காளிகள். தோட்டத்துத் திருவிழாக்களில் உறுமி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசிட் ஹவுஸ் உடனே பிடித்துப்போவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, ஒரே தட்டு என்ற குறை. செயலவைக் கூட்டத்தில் பாடல்கள் கைப்பேசியில் போட்டுக் காட்டப்பட்டன, ஒவ்வொன்றும் அரை நிமிடம். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஓசை பெரும்பாலும் வராது. டெக்னோவின் பேஸ் வரியும், கிக் என்னும் பெரிய டிரம் அடியின் அடிவயிறும் இருப்பது அங்கேதான். ஆகவே நீங்கள் கேட்டது அரிசி போடாத உலையை. நேரக் கணக்கும் ஒன்று உண்டு. நிமிடத்திற்கு 128 தட்டு ஓடும் ஹவுஸ் பாட்டில் ஆவர்த்தத்துக்கு 4 தட்டு வீதம் 32 ஆவர்த்தம் முடியச் சரியாக 60 வினாடி ஆகும். அந்தப் பாட்டில் ஒரு பெரிய மாற்றம் நிகழவே பல சமயம் அவ்வளவு நேரம் தேவை. சினிமாப் பாட்டு பெரும்பாலும் சீக்கிரமே பல்லவிக்கு வந்துவிடும்; இது மெல்ல ஒவ்வொரு அடுக்காக ஏற்றி, சட்டென்று கிக்கை எடுத்துவிட்டு, திரும்பக் கொடுக்கும். அரை நிமிடத்தில் நிறுத்தினால் யாருக்கும் அது ஒரே தட்டாகத்தான் தெரியும்.

பெரியவர்கள் முகம் சுளிப்பதை ரசனைக் குறைவு என்று பேசும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயதாகிக் காது மந்தமாகும்போது மெல்லிய ஓசை கேட்காமல் போகும். ஆனால் ஓசை கொஞ்சம் கூடினாலே சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். நடுவில் இருக்கும் இதமான அளவு சுருங்கிவிடுகிறது. தாத்தா ‘கேக்கல’ என்று சொல்லிவிட்டு, வால்யூமை ஏற்றியதும் ‘காது வலிக்குது’ என்கிறார் என்றால் அவர் வம்பு பண்ணவில்லை. அவருக்கு மேடை முன்னால் நாற்காலி போடுவதுதான் தவறு. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி அவர்களை உட்கார வைத்து, அங்கே இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை 58 மில்லிவினாடி தாமதத்தில் ஓட விட்டால் மேடை ஓசையைக் குறைத்தே வைக்கலாம். தாமதம் போட மறந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டுப் பேச்சு குழம்பிவிடும்.

இனி ஜன்னல். ஹவுஸ், டெக்னோ கிக்கின் பலம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு செங்கல் கனமுள்ள சுவர் அதற்குத் திரைச்சீலை மாதிரி. கைப்பேசிச் செயலியைக் காட்டி ‘80தான் இருக்கிறது’ என்று சொல்வதும் ஏமாற்றமே. அவை பெரும்பாலும் தாழ்ந்த ஓசையைக் குறைத்து எடைபோடும் ஏ அளவையில் கணக்கிடுகின்றன, 50 ஹெர்ட்ஸ் ஓசையில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுக் காட்டும். சி அளவையில் வைத்தால் அந்தக் கழிவு 1 டெசிபல் சொச்சம்தான். லயத்துச் சந்தில் நின்று சி அளவையில் அளந்தால்தான் அங்கே படுத்திருப்பவர் உணர்வது தெரியும்.

வழக்கமாக சப்-ஊஃபர் என்னும் பேஸ் பெட்டிகளை மேடைக்கு இடது வலமாகப் பிரித்து வைக்கிறார்கள். அதனால் மண்டபத்தின் நடுவில் பேஸ் குவியும், ஓரங்களில் செத்துப்போகும். ஓரத்தில் நிற்பவர் கேட்கவில்லை என்பார், டிஜே ஏற்றுவார், பின்னால் வீடு அதிரும். மூன்று பெட்டிகளையும் ஒரே இடத்தில் அடுக்கி, நடுப்பெட்டியை மட்டும் பின்பக்கம் பார்த்துத் திருப்புங்கள். அதன் போலாரிட்டியை, அதாவது + - முனைகளை, தலைகீழாக்கி, பெட்டியின் ஆழத்துக்கு ஏற்பத் தாமதம் கொடுங்கள். 70 செண்டிமீட்டர் ஆழம் என்றால் 2 மில்லிவினாடி. பின்னால் போகும் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முன்னால் இருப்பவர்களுக்குப் பெரிய இழப்பு இராது. பெட்டிகளைச் சுவரில் ஒட்டி வைத்தால் இது பலிக்காது. குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதோடு 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே இசை மிகக் குறைவு, தொல்லை மட்டும் அதிகம்.

தகரக் கூரையும், பட்டை பட்டையாகச் சாய்த்து மூடும் நாக்கோ ஜன்னல் கண்ணாடியும் தனி வழக்கு. நிகழ்ச்சிக்கு முன் 40 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை ஒரே சுரத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எந்தக் கண்ணாடி சட்டத்தில் ஆடுகிறது என்று அதுவாகவே காட்டிக்கொடுக்கும். திருகை முடுக்கி, கண்ணாடி ஓரத்தில் மடித்த அட்டையைச் செருகினால் பாதி இரைச்சல் போகும். பேஸ் என்று பழி சுமக்கும் ஓசையில் இந்தக் கடகடப்புக்கும் பங்கு உண்டு.

பாட்டு கிழிகிறது என்ற புகாருக்கு மின்கம்பியும் ஒரு காரணம். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 50 மீட்டர் இழுத்து 13 ஆம்பியர் எடுத்தால் 19 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். கிக் விழும்போதெல்லாம் ஆம்பிளிஃபையர் மூச்சுத் திணறும், சிவப்பு விளக்கு எரியும், மேல் ஓசைக்கான டுவீட்டர் ஸ்பீக்கர் கருகவும் கூடும். 2.5 கம்பி போட்டால் இழப்பு 12 வோல்ட்டுக்கு இறங்கும். சுருளை முழுவதும் பிரித்து விட வேண்டும், சுற்றியபடியே ஓட்டினால் சூடேறி உருகும்.

டிஜேக்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பழைய குத்துப் பாட்டுக்கு அடியில் ஹவுஸ் தாளத்தைக் கண்மூடித்தனமாக ஒட்டக் கூடாது. குத்து பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும், ஹவுஸ் இரண்டு இரண்டாக. கிக் மட்டும் சேரும். ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒலிக்கும் ஹைஹாட் தாளம் சேர்ந்தால் இரண்டு பேர் ஒரே செருப்பில் நடப்பது போல ஆகிவிடும். ஆகவே மேல் ஓசையை வெட்டிவிட்டுக் கிக்கை மட்டும் கொடுங்கள். மூன்று நடைப் பாட்டின் வேகத்தை மென்பொருள் அடிக்கடி தப்பாகக் கணிக்கும், 120ஐ 180 அல்லது 90 என்று காட்டும். 70களின் பாடல்களில் வாத்தியக்காரர்கள் உயிரோட்டமாக வாசித்ததால் வேகம் நடுவில் ஏறி இறங்கும். வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பாமல் காதால் பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்புகளை மேடைக்குக் கொண்டுவரவே கூடாது.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். 7.30 முதல் 9 மணி வரை குடும்பப் பாடல்கள். அடுத்த 45 நிமிடம் உறுமி. அதன் வேகத்திலேயே இறங்கி, 10.45 வரை ஹவுஸும் டெக்னோவும். வேகம் நிமிடத்திற்கு 130 தட்டுக்கு மேல் போவதில்லை, 170ஐத் தாண்டும் டிரம் அண்ட் பேஸ் இல்லவே இல்லை. கடைசி 15 நிமிடம் ஓசையைப் படிப்படியாகக் குறைத்து முடிப்போம். பொதுமேடைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த உச்சவரம்பு ஏ அளவையில் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். நாங்கள் ஓசை ஏறாமல் தடுக்கும் லிமிட்டர் கருவியை 95இல் பூட்டி, சாவியைச் செயலவையிடமே கொடுத்துவிடுகிறோம்.

முடிவை உறுதி செய்யும் முன் ஒரு மாலை மண்டபத்துக்கு வாருங்கள். பெட்டிகளை மேலே சொன்னபடி அடுக்கி வைக்கிறோம். உங்களில் இருவர் உள்ளே நில்லுங்கள், இருவர் லயத்துச் சந்தில் நில்லுங்கள், அங்குள்ள பாட்டிமார்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். சரண்ஜித் சிங்கின் மோகனத்தை முதலில் போடுகிறோம், பிறகு ஒரு ஹவுஸ் பாட்டை முழு 7 நிமிடமும். சந்தில் நிற்பவர் கையை உயர்த்தினால் அங்கேயே குறைத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
வட்டார ஒலி அமைப்பாளர்களும் டிஜேக்களும்
சுங்கை சிப்புட்