மேக்பைஸை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்: நார்வுட் ரசிகர் ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தென் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நார்வுட் கழகத்தின் உறுப்பினன் நான்; ஆனால் எங்கள் பரம எதிரியான போர்ட் அடிலெய்டுக்காக வாதாடவே இம்மடலை எழுதுகிறேன். தென் ஆஸ்திரேலியாவின் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்கான எஸ்.ஏ.என்.எஃப்.எல். இறுதிச்சுற்றில், தேசிய லீக்கான ஏ.எஃப்.எல். கழகங்களின் இரண்டாம் நிலை அணிகள் ஆடுவதை நிறுத்த வேண்டும். மாநில லீக்கில் ஆடும் போர்ட் அடிலெய்டு மேக்பைஸ், வீரர்களை வளர்த்தெடுக்கத் தனக்கென ஒரு வட்டாரமும் இளையோர் அணிகளும் கொண்ட முழுமையான உள்ளூர்க் கழகமாக மீண்டும் களமிறங்க வழி செய்ய வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த ஒன்றே என் கோரிக்கை.

இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். அடிலெய்டில் வாழும் தமிழர்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கே தமிழில் எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் வார இறுதிகளில் ஆஸ்கிக் எனும் சிறுவர் பயிற்சிக்குப் போய், அந்த நீள்வட்டப் பந்தைக் காலால் உதைக்கவும் மூடிய கைமுஷ்டியால் தட்டிக் கொடுக்கவும் பழகுகிறார்கள். ஆனால் பெரும்பாலான நம் வீடுகளில் ஃபுட்டி எனும் இந்தக் கால்பந்து என்றால் தொலைக்காட்சியில் வரும் ஏ.எஃப்.எல். அணிகளான அடிலெய்டு குரோஸும் போர்ட் அடிலெய்டு பவரும்தான். அந்த இரண்டு அணிகளும் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்பே இந்த நகரம் எதற்காக இரண்டாகப் பிரிந்து நின்றது என்பது நம்மில் பலருக்குத் தெரிய வாய்ப்பே அமையவில்லை.

போர்ட் அடிலெய்டு 1870இலும் நார்வுட் 1878இலும் தொடங்கப்பட்டன. களத்துக்கு வந்த முதல் ஆண்டிலேயே பட்டத்தை வென்ற நார்வுட், 1883 வரை தொடர்ந்து ஆறு முறை அதை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று போர்ட்டிடம் 36 பட்டங்கள், எங்களிடம் 31. துறைமுகத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேர்விட்ட கழகம் ஒன்று. நகரின் கிழக்கே பரேட் சாலையில், கடைவீதியை ஒட்டிய சிறிய மைதானத்தில் வளர்ந்த கழகம் மற்றொன்று. 1984இல் ஐந்தாம் இடத்திலிருந்து இறுதிச்சுற்றுக்குள் நுழைந்த நார்வுட், ஒவ்வொரு வாரமும் தோற்றால் வெளியேற்றம் என்ற நிலையில் ஆடி, பட்டத்தைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனலில் போர்ட்டை 9 புள்ளிகளில் வீழ்த்தியது. அதற்கு முன் ஐந்தாம் இடத்து அணி எதுவும் இப்பட்டத்தை வென்றதில்லை. அந்த வெற்றியை இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வதற்குக் காரணம், எதிரே நின்றது போர்ட் என்பதுதான்.

இந்த லீக்கின் இறுதிச்சுற்று அண்டை அயலாரைப் பிரித்து வைக்கும் வலிமை கொண்டது என்பதற்கு 1978ஐயும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் தோற்றிருந்த ஸ்டர்ட், கிராண்ட் ஃபைனலின் கடைசிக் குவார்ட்டர் தொடங்கும்போது நார்வுட்டைவிட 29 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது ஸ்டர்ட் 14 கோல், 26 பிஹைண்ட், மொத்தம் 110. நார்வுட் 16 கோல், 15 பிஹைண்ட், மொத்தம் 111. கோலுக்கு ஆறு, கோல் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் இடையே தவறினால் பிஹைண்ட் என்று ஒன்று என்ற இந்த ஆட்டத்தின் கணக்கு எவ்வளவு இரக்கமற்றது என்பதை அந்த 26 என்ற எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஸ்டர்ட்டின் சொந்தப் பகுதியான அன்லியில் பிறந்த ஒருவரிடம் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றி நான் பேச்செடுப்பதில்லை.

இத்தகைய பகை எங்கிருந்து வருகிறது? களத்தில் நிற்கும் இளைஞன் அந்தப் பகுதிப் பள்ளியில் படித்தவன், பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவன், அவனுடைய மாமாவோ தாத்தாவோ அதே நிற ஜெர்சியை அணிந்தவர் என்ற உணர்விலிருந்து வருகிறது. பரேட் மைதானத்தில் மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் கூட்டம் வேலியைத் தாண்டிப் புல்வெளிக்குள் இறங்கி, வீரர்களின் வட்டத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கும். பயிற்சியாளர் தொண்டை கிழியப் பேசுவதை, தந்தையின் தோளில் உட்கார்ந்திருக்கும் சிறுமியும் கேட்பாள், கையில் இறைச்சி அடைத்த பை எனும் பலகாரத்தைப் பிடித்தபடி நிற்கும் முதியவரும் கேட்பார். வீரனின் முழங்காலில் சுற்றிய கட்டு அவிழ்ந்திருப்பது தெரியும் தூரத்தில் நிற்கிறோம். தன் கழகம் என்று ஒருவர் சொல்லிக்கொள்வதற்கு இதைவிட வேறு உரிமைப் பத்திரம் தேவையில்லை.

இனி, எங்கே தவறு நேர்ந்தது என்பதற்கு வருகிறேன். 1990இல் போர்ட் அடிலெய்டு தனியாக ஏ.எஃப்.எல்.லில் சேரப் பேச்சு நடத்தியபோது மற்றக் கழகங்கள் கொதித்தெழுந்தன; விவகாரம் நீதிமன்றம் வரை போனது; அதன் விளைவாகவே அடிலெய்டு குரோஸ் அவசரமாக உருவாகி 1991இல் களமிறங்கியது. போர்ட் 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் உள்ளூர் லீக்கில் மேக்பைஸ் தனிக் கழகமாகவே தொடர்ந்து 1998, 1999 ஆண்டுகளில் பட்டம் வென்றது. ஏ.எஃப்.எல். அணியில் இடம் கிடைக்காத குரோஸ், பவர் வீரர்கள் அந்தக் காலத்தில் உள்ளூர்க் கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டார்கள். நேற்று பெரிய மைதானத்தில் பார்த்த வீரரை இன்று நம் கழகத்து ஜெர்சியில், நம் ஊர்ப் பையனுக்குப் பந்தைக் கடத்திக் கொடுப்பவராகப் பார்க்க முடிந்தது.

2014இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. குரோஸ் தன் இரண்டாம் நிலை அணியை நேரடியாக லீக்கில் இறக்கியது; மேக்பைஸ் பவரின் இரண்டாம் நிலை அணியாக மாற்றப்பட்டது. கறுப்பு வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன, பெயரும் இருந்தது. ஆனால் போர்ட்டுக்கென்று இருந்த வட்டாரமும், அதில் வளர்ந்த இளையோர் அணிகளும் இல்லாமல் போயின. ஏனைய எட்டுக் கழகங்களும் பதினாறு வயதுக்குட்பட்டோர், பதினெட்டு வயதுக்குட்பட்டோர், ரிசர்வ், லீக் என்று அடுக்கடுக்காக ஆள் வளர்க்கும் பொறுப்பைச் சுமக்கின்றன. இரண்டு அணிகளுக்கு மட்டும் அந்தச் சுமை இல்லை, மேலே ஏ.எஃப்.எல். அணியில் யாருக்குக் காயம், யார் நீக்கப்பட்டார் என்பதே அவர்களின் பதினெட்டுப் பேரைத் தீர்மானிக்கிறது. ஒரு வாரம் பலமான அணி, அடுத்த வாரம் பலவீனமான அணி. லீக் அட்டவணையில் அவர்களை எப்போது சந்திக்கிறோம் என்பதே எங்கள் தலைவிதியை மாற்றிவிடக்கூடும். லீக் சுற்றில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே ஆட்டத்தில் ஓராண்டு உழைப்பு முடிந்துபோகும் இறுதிச்சுற்று மாதமான செப்டம்பரில் பொறுத்துக்கொள்ள முடியாது. தகுதி விதிகளை எவ்வளவு இறுக்கினாலும், பட்டம் வெல்வதற்காக இயங்கும் கழகமும் வீரர்களைத் தயார்நிலையில் வைத்திருப்பதற்காக இயங்கும் அணியும் ஒரே பந்தயத்தில் ஓடுவதாக ஆகாது.

“அப்படியென்றால் அவர்கள் அல்லவா பட்டங்களை அள்ளியிருக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2014 கிராண்ட் ஃபைனலில் நார்வுட் 4 புள்ளிகளில் போர்ட்டை வென்றது. 2017இல் ஸ்டர்ட் அதே போர்ட்டை ஒரே புள்ளியில் வென்றது. 2019இல் கிளெனல்க் போர்ட்டை 28 புள்ளிகளில் வென்று, 1986க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டத்தை எடுத்துச் சென்றது. மூன்று முறையும் உள்ளூர்க் கழகமே நின்று வென்றதை நான் பெருமையோடு சொல்வேன். ஆனால் அந்த ஒற்றைப் புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால் 37ஆம் பட்டம் யாருடையதாக இருந்திருக்கும்? போர்ட்டின் சொந்த இடமான அல்பர்ட்டன் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுடையதாகவா, அல்லது நாடு முழுவதிலுமிருந்து ஏ.எஃப்.எல். தேர்வில் எடுக்கப்பட்டுத் தற்காலிகமாக இந்த நகரத்தில் தங்கியிருக்கும் இளைஞர்களுடையதாகவா? அந்த இளைஞர்களின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கனவு வேறு. அடுத்த வாரம் மேலே அழைப்பு வந்தால் போய்விட வேண்டும் என்பதே அந்தக் கனவு, அதுவே சரியும்கூட.

2014 வெற்றியைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராண்ட் ஃபைனலில் போர்ட்டை 4 புள்ளிகளில் வெல்வது என்றால் ஒரு நார்வுட் ரசிகருக்கு அதற்கு மேல் பேறு எதுவும் இல்லை. ஆனாலும் 1984ஐப் பற்றிப் பேசும்போது எங்கள் பெரியவர்களின் கண்ணில் தெரியும் அந்தப் பளபளப்பு 2014ஐப் பற்றிப் பேசும்போது தெரிவதில்லை. வென்றது யாரை என்பதில் ஒரு தயக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்களைவிடக் கூடுதலாக இழந்தவர்கள் போர்ட்டுக்காரர்கள். செமஃபோர் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கிறார். பவரின் ஏ.எஃப்.எல். ஆட்டங்களுக்குத் தவறாமல் போவார்; ஷோடவுன் எனப்படும் குரோஸ்–பவர் மோதல் நடக்கும் வாரத்தில் வீட்டு வாசலில் கொடி பறக்கும். மேக்பைஸ் ஆட்டத்துக்கு மட்டும் போவதை விட்டுவிட்டார். அணிப் பட்டியலைப் படித்தால் தெரிந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் ஒன்றுகூட வருவதில்லை என்பதுதான் அவருடைய ஆற்றாமை. எனக்கும் அவருக்கும் வேலியின் இரு பக்கமும் நின்று நடந்துவந்த செப்டம்பர் மாதச் சண்டை அப்படியே அடங்கிவிட்டது. ஷோடவுன் அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஷோடவுன் நல்ல பகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆண்டுக்கு இரண்டு ஆட்டம். குரோஸும் பவரும் இறுதிச்சுற்றில் நேருக்கு நேர் மோதியது 2005இல் ஒரே ஒரு முறை. பேட்டைக்குப் பேட்டை நடந்துவந்த பகையின் வேலையை அது செய்ய முடியாது.

எட்டுக் கழகங்களோடு லீக் நடக்காது என்ற அச்சம் தேவையற்றது என்பதை உங்கள் சொந்த வரலாறே காட்டியிருக்கிறது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக ஏ.எஃப்.எல். வீரர்கள் கீழ்நிலை லீக்குகளில் ஆட முடியாமல் போனபோது, குரோஸும் போர்ட்டும் இல்லாமலேயே பருவம் நடந்து முடிந்தது. உட்வில் வெஸ்ட் டாரன்ஸ் ஈகிள்ஸ் பட்டம் வென்றது. அந்தப் பட்டத்தின் மதிப்பு குறைவு என்று யாரும் சொன்னதில்லை. 2017இல் தொடங்கிய உங்கள் மகளிர் லீக்கிலும் எட்டு உள்ளூர்க் கழகங்களே ஆடுகின்றன. அதன் முதல் பட்டத்தை நார்வுட் வென்றது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பெண்களுக்குச் சரியாக அமைந்த ஒன்று ஆண்களுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

பணக் கணக்கு உண்டு என்பதையும் அறிவேன். ஏ.எஃப்.எல். கழகங்கள் வருவதால் உங்களுக்கு வருமானமும் ஒளிபரப்பில் கவனமும் கிடைக்கின்றன. அந்தக் கழகங்களுக்கோ தங்கள் இளம் வீரர்களை ஒரே பாணியில், ஒரே பயிற்சியாளரின் கீழ் ஆடவைக்க ஒரு களம் தேவை. இதுவும் உண்மையான தேவைதான். அதனால்தான் அவர்களை நாளையே வெளியேற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. லீக் சுற்றில் ஆடட்டும். ஐந்து இடங்கள் கொண்ட இறுதிச்சுற்று மட்டும், இளையோர் அணி முதல் லீக் அணி வரை தன் வட்டாரத்தில் தானே ஆள் வளர்க்கும் கழகங்களுக்கு உரியதாக இருக்கட்டும். போர்ட் அடிலெய்டு அந்தப் பொறுப்பை மீண்டும் ஏற்க முன்வந்தால், வட்டார எல்லைகளைத் திருத்தி அதற்குரிய பகுதியைத் திருப்பிக் கொடுங்கள். அதற்காக எங்கள் கழகம் தன் பகுதியில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், உறுப்பினர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று ஆதரித்துப் பேசுவேன். பவரின் மிகுதி வீரர்களை எங்கே ஆடவைப்பது என்ற கேள்விக்கு, 2014க்கு முன்பிருந்த பகிர்ந்தளிப்பு முறை ஒரு விடையாக ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இருக்கும். அவற்றை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதும் புரிகிறது. ஆனால் அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச உட்காரும் முன், கழக நிர்வாகிகளிடம் மட்டுமல்லாமல் உறுப்பினர்களிடமும் நேரடியாகக் கருத்துக் கேளுங்கள். அந்தக் கூட்டங்களில் ஒன்றைக் கட்டாயம் அல்பர்ட்டனில் நடத்துங்கள். 36 பட்டங்களைப் பெற்ற கழகத்தின் எதிர்காலத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால், நாங்கள் நார்வுட்டிலிருந்து எங்கள் கையெழுத்துகளோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
நார்வுட் கழக உறுப்பினன்,
அடிலெய்டு