பீரோவில் பூட்டிய கைபேசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளரிளம் பருவக் காதலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டமும் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். பாலுறவுக்கு 18 வயது நிறையாதவர் தரும் சம்மதம் சட்டப்படி செல்லாது. அந்த வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2023-இல் சட்ட ஆணையமும் சொல்லிவிட்டது. சரி, சட்டம் அப்படியே இருக்கட்டும். விஷயம் தெரிந்த அன்றே காவல் நிலையத்துக்கு ஓடும் பெற்றோர், அதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். நானும் ஒன்றும் உத்தமி இல்லை. பத்தாம் வகுப்பில் என் மகள் ஒரு பையனுடன் பழகுவது தெரிந்ததும், அவள் கைபேசியைப் பிடுங்கி பீரோவில் பூட்டியவள்தான். இரண்டே வாரத்தில் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பழைய பட்டன் போன் வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து பேசினோம். பையன் வீட்டுக்கு வரலாம், கூடத்தில் பேசலாம். இரவு 9 மணிக்கு மேல் போன் என் தலைமாட்டில். முணுமுணுத்தாள். ஆனால் ஒளிப்பது நின்றது.

பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அதில் அரை மணி நேரம் ஒதுக்கி, போக்சோ புகார் கொடுத்த பின் மனம் மாறினாலும் வழக்கு தானாக நின்றுவிடாது என்பதை ஒரு வழக்கறிஞரைக் கொண்டு விளக்க பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்யலாம்.

- ஒரு தாய், மதுரை